சரியான முகவரி, தவறான வாசல்

2016 அக்டோபர் 22, சனிக்கிழமை. பிரேசிலில் ஐம்பது லட்சம் வாடிக்கையாளர்கள் கொண்ட ஒரு வங்கி. அன்று மதியத்துக்குப் பிறகு அதன் இணையதளத்துக்குப் போனவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. மின்னஞ்சலில் வந்த சந்தேகமான இணைப்பைத் தொடவில்லை. முகவரியை எழுத்துப் பிழையில்லாமல் தட்டினார்கள். பிரவுசரில் பூட்டுச் சின்னம் இருந்தது. பக்கமும் தினமும் பார்க்கிற பக்கம்தான். பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தார்கள். அவை நேராகத் திருடர்களிடம் போய்ச் சேர்ந்தன.

வங்கியின் கணினிகளுக்குள் நுழையாமலே இதைச் செய்து முடித்தார்கள். அந்த வங்கியின் பெயர் எந்த எண்ணைக் குறிக்கிறது என்று உலகத்துக்குச் சொல்கிற பதிவேடு இருக்கிறதே, அதில் கை வைத்தார்கள். வங்கிக்குச் சொந்தமான 36 இணையப் பெயர்களும் ஒரே வீச்சில் வேறு சர்வர்களைக் காட்டத் தொடங்கின. ஐந்தாறு மணி நேரம் அப்படியே இருந்தது. வாடிக்கையாளர்களை எச்சரித்து மின்னஞ்சல் அனுப்பலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வங்கியின் மின்னஞ்சலும் அதே பெயரில்தானே இயங்குகிறது. மறுவருடம் இதை ஆராய்ந்து வெளியிட்ட காஸ்பர்ஸ்கி நிறுவனம் வங்கியின் பெயரைச் சொல்லவில்லை.

இணையப் பாதுகாப்பு என்றால் நமக்குச் சொல்லித் தரப்படுவது மூன்று விஷயம்: முகவரியைச் சரிபார், பூட்டைப் பார், பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே. அந்தச் சனிக்கிழமை முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தவர்களும் ஏமாந்தார்கள். ஏன் என்று புரிந்துகொள்ள, ஒரு பெயரைத் தட்டியதும் திரைக்குப் பின்னால் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் கண்டுபிடிக்கின்றன. பெயர் மனிதர்களின் வசதிக்கு. தமிழ்நாடு அரசின் தளத்துக்குப் போக டிஎன் டாட் ஜிஓவி டாட் இன் என்று தட்டுகிறோம். நம் கைப்பேசி அதைத் தேடி அலைவதில்லை. ரிசால்வர் என்ற ஒரு சர்வரிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிடுகிறது. பெரும்பாலும் நமக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனமே அந்த ரிசால்வரை நடத்துகிறது. ரிசால்வர் அந்தப் பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கும். முதலில் ரூட் சர்வரிடம் போய்க் கேட்கும். ரூட் சர்வருக்கு விடை தெரியாது. “டாட் இன் பற்றித் தெரிந்தவர்கள் அதோ அங்கே இருக்கிறார்கள்” என்று கை காட்டும். அங்கே போனால் ஜிஓவி டாட் இன்னைக் காட்டுவார்கள். அதற்கும் அடுத்த படியில்தான் டிஎன்னுக்கான எண் கிடைக்கும். புது ஊரில் பேருந்தைவிட்டு இறங்கியவர் டீக்கடையில் கேட்டு, தெருமுனையில் கேட்டு, கடைசியில் எதிர்வீட்டுத் திண்ணையில் கேட்டு உறவினர் வீட்டைக் கண்டுபிடிப்பாரே, அந்த மாதிரி. இது முழுக்க ஒரு விநாடியின் சிறு பங்கில் முடிந்துவிடுகிறது.

டீக்கடைக்காரர் பொய் சொன்னால்? இந்த அமைப்பை உருவாக்கியபோது யாரும் அந்தக் கேள்வியைப் பெரிதாகக் கேட்கவில்லை. 1970களில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட்டில் இருந்த கணினிகள் மொத்தமும் ஒரே ஒரு கோப்பில் அடங்கின. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி சேர வேண்டுமானால் அவர்களிடம் சொல்லிப் பதிய வேண்டும். கணினிகள் பெருகியதும் கோப்பு தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ், ஒருவரே எல்லாவற்றையும் வைத்திருக்காமல் பொறுப்பைக் கிளை கிளையாகப் பிரித்துக் கொடுக்கும் முறையை வகுத்தார். அதுதான் டிஎன்எஸ். ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்களின் வலைக்காக எழுதப்பட்டது. கேட்டால் பதில் வரும். வந்த பதிலை நம்பு. அவ்வளவுதான் விதி. நாற்பது வருடம் கழித்து வங்கியும் மருத்துவமனையும் மின்வாரியமும் அதே விதியின்மேல் நிற்கின்றன.

உலக இணையத்தை 13 கணினிகள் தாங்குகின்றன, அவற்றை வீழ்த்தினால் எல்லாம் போச்சு என்று ஒரு கதை அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும். ரூட் சர்வர் பெயர்கள் 13 என்பது உண்மை. அவற்றை நடத்துவது 12 அமைப்புகள். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் உலகெங்கும் பல நகல்கள் உண்டு. மொத்தம் ஆயிரத்துக்கும் மேல். பயப்பட வேண்டிய இடம் அதற்கு ரொம்பவும் கீழே இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் மேலிருந்து தேடினால் நேரம் வீண் என்பதால், கிடைத்த விடையை ரிசால்வர் சில நிமிடங்களோ சில மணி நேரமோ தன்னிடம் வைத்துக்கொள்ளும். இதற்கு கேச் என்று பெயர். அதில் ஒரு பொய்யான எண்ணை நுழைத்துவிட்டால், அந்த ரிசால்வரை நம்பியிருக்கும் லட்சக்கணக்கானோரும் சேர்ந்தே வழி தவறுவார்கள். இதைத் தடுக்க இருந்த காவல் அற்பமானது: ஒவ்வொரு கேள்வியோடும் 65,536 எண்களில் ஒன்று போகும், பதிலும் அதே எண்ணோடு வர வேண்டும். உண்மையான பதில் வந்து சேர்வதற்குள் திருடன் அந்த எண்ணை ஊகித்துப் பொய்ப் பதிலை அனுப்ப வேண்டும். ஒருமுறை தோற்றால் கேச் காலாவதியாகும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் பாதுகாப்பு என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

2008இல் டான் காமின்ஸ்கி என்ற 29 வயது இளைஞர் அந்த நிம்மதியைக் கெடுத்தார். காத்திருக்கவே தேவையில்லை என்று அவர் கண்டுபிடித்தார். வங்கியின் பெயருக்கு முன்னால் 1, 2, 3 என்று இல்லாத பெயர்களைச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் கேச்சில் இல்லாத புதுக் கேள்வி. ஒவ்வொன்றும் புதிய பந்தயம். ஏதாவது ஒன்றில் ஊகம் பலித்ததும், “இந்த வங்கியின் எல்லாப் பெயர்களுக்கும் பொறுப்பான சர்வர் இதோ” என்று ஒரு வரியைப் பதிலோடு ஒட்டி அனுப்பினால் போதும். சில விநாடிகளில் முழு வங்கியும் கைமாறிவிடும். ஓட்டை ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் இருந்திருந்தால் அதை அடைத்துவிட்டுப் போகலாம். இதுவோ நெறிமுறையிலேயே இருந்தது. காமின்ஸ்கி அதை விற்கவில்லை, விளம்பரப்படுத்தவும் இல்லை. அந்த மார்ச் மாதக் கடைசியில் 16 வல்லுநர்கள் ரெட்மாண்டில் உள்ள மைக்ரோசாஃப்ட் அலுவலகத்தில் ரகசியமாகக் கூடினார்கள். போட்டி நிறுவனங்கள் பலவும் ஜூலை 8 அன்று ஒரே நாளில் திருத்தம் வெளியிட்டன. விவரத்தை முப்பது நாள் மூடி வைக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். பதின்மூன்றாம் நாளே கசிந்துவிட்டது.

அன்றைய திருத்தம் மருந்தல்ல, கட்டு. கேள்வி கணினியின் எந்த போர்ட், அதாவது எந்த வாசல் எண், வழியாகப் போகிறது என்பதையும் ஊகிக்க முடியாதபடி மாற்றினார்கள். திருடனின் வேலை பல்லாயிரம் மடங்கு கடினமானது. முடியாத காரியம் ஆகிவிடவில்லை.

மருந்து என்று சொல்லத்தக்கது டிஎன்எஸ்செக். ஒவ்வொரு பதிலிலும் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். கீழே இருப்பவரின் சாவி செல்லும் என்று மேலே இருப்பவர் கையொப்பமிட்டுச் சொல்வார். அப்படியே ஏறிப் போனால் ரூட்டில் ஒரு தலைமைச் சாவி. அந்த ரூட் 2010 ஜூலை 15 முதல் கையொப்பத்தோடு இயங்குகிறது. சாவியைப் பயன்படுத்தும் சடங்கு வருடத்துக்கு நான்கு முறை, கலிபோர்னியாவின் எல் செகுண்டோவிலும் வர்ஜீனியாவின் கல்பெப்பரிலும் நடக்கிறது. உலகின் பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஆளுக்கொரு பெட்டகச் சாவியோடு விமானமேறி வருவார்கள். எல்லாம் கேமரா முன்னால் நடக்கும், நேரடியாக ஒளிபரப்பாகும். 2020 பிப்ரவரியில் அப்படிப் போய்க் கூடியபோது பெட்டகத்தின் பூட்டு திறக்க மறுத்துவிட்டது. பூட்டுக்காரரை வரவழைத்துத் துளையிட்டுத் திறந்த பிறகுதான், சில நாள் தாமதமாக, சடங்கு நடந்தது. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தாலும் நம்பிக்கையும் வந்தது. கோளாறை மறைக்காமல் சொல்கிற இடம் அது. தலைமைச் சாவி 2018 அக்டோபர் 11 அன்று முதல்முறையாக மாற்றப்பட்டது. அடுத்த மாற்றம் 2026 அக்டோபருக்குத் திட்டமிடப்பட்டது.

உச்சியில் இவ்வளவு கவனம். கீழே வந்தால் கதை வேறு. டாட் காம் பெயர்களில் கையொப்பமிட்டவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. சோம்பல் ஒரு காரணம்தான். இன்னொரு காரணம் பயம், அதில் நியாயமும் இருக்கிறது. கையொப்பம் தவறினால், சரியான பதிலையும் பொய் என்று ரிசால்வர் தள்ளிவிடும். 2021 செப்டம்பர் 30 அன்று அலுவலகச் செய்திச் செயலியான ஸ்லாக்கை நடத்தும் நிறுவனம் டிஎன்எஸ்செக்கை நடைமுறைப்படுத்தப் போய், இடையில் சிக்கல் வந்து, அவசரமாகத் திரும்பப் பெற்றது. பழைய விவரம் உலகெங்கும் ரிசால்வர்களில் ஒரு நாள்வரை தங்கியிருந்ததால் பலருக்கு மறுநாள்வரை ஸ்லாக் கிடைக்கவில்லை. 2024 ஜனவரி 30 அன்று ரஷ்யாவின் டாட் ஆர்யு பெயர்கள் மொத்தமும் கையொப்பக் கோளாறால் சில மணி நேரம் முடங்கின. திருடனால் வரும் நஷ்டம் வந்தாலும் வரும், வராமலும் போகும். சொந்தக் கைப்பிழையால் தளம் படுத்தால் நாளைக்கே முதலாளி கூப்பிடுவார். நிர்வாகிகள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

கைப்பிழை என்றதும் சுவீடன் நினைவுக்கு வருகிறது. 2009 அக்டோபர் 12 இரவு, டாட் எஸ்இ பதிவேட்டைப் புதுப்பித்த நிரல் பெயர்களின் கடைசியில் வர வேண்டிய ஒரு புள்ளியை விட்டுவிட்டது. ஒரு நாட்டின் இணையப் பெயர்கள் அத்தனையும் சுமார் ஒரு மணி நேரம் காணாமல் போயின.

புள்ளி போல எழுத்தும் உண்டு. மாஸ்டர்கார்டு நிறுவனத்தின் ஒரு பகுதி ஐந்து நேம் சர்வர்களை, அதாவது அதன் பெயர்களுக்கு எண் சொல்லும் சர்வர்களை, நம்பியிருந்தது. ஐந்தும் ஆகாம் டாட் நெட் என்று முடிய வேண்டும். ஒன்றில் மட்டும் கடைசி ‘டி’ விடுபட்டு ‘என்ஈ’ என்று நின்றது. என்ஈ என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டுக்கு உரிய முடிவு. 2020 ஜூன் முதல் 2025 ஜனவரிவரை, ஏறத்தாழ நாலரை வருடம், அது யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் பிலிப் காதுரெக்லி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் பார்த்தார். 300 டாலர் கட்டி நைஜரில் அந்தப் பெயரைத் தானே பதிந்துகொண்டு, வேறு யாரும் வாங்கிவிடாதபடி காத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொன்னார். ஆபத்து ஏதும் இருக்கவில்லை என்றது மாஸ்டர்கார்டு. அந்த 300 டாலரை அவருக்கு முன்னால் வேறொருவர் கட்டியிருந்தால் இதே வாசகத்தை எழுதியிருப்பார்களா என்பது என் சந்தேகம்.

இப்போது பூட்டுச் சின்னத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

பூட்டுக்குப் பின்னால் ஒரு சான்றிதழ் இருக்கிறது. “இந்தப் பெயருக்கு உரியவர் இவர்தான்” என்று ஒரு மூன்றாம் தரப்பு சொல்கிறது. அந்த மூன்றாம் தரப்பு எப்படித் தெரிந்துகொள்கிறது? பெரும்பாலும் தானியங்கியாக. “உங்கள் தளத்தில் இந்தக் கோப்பை வையுங்கள்” அல்லது “டிஎன்எஸ் பதிவில் இந்த வரியைச் சேருங்கள்” என்று கேட்கும். செய்துவிட்டால் சான்றிதழ் கிடைத்துவிடும், பல இடங்களில் இலவசமாக. தளம் எங்கே இருக்கிறது என்பதை அதுவும் டிஎன்எஸ்ஸிடம்தான் கேட்கிறது. ஆகவே ஒரு பெயரின் பதிவை ஒரு மணி நேரம் கைப்பற்றியவனுக்கு அந்தப் பெயருக்கான அசல் சான்றிதழும் கிடைத்துவிடும். போலி இல்லை, அசல். பிரேசில் வங்கியின் பூட்டு அப்படி வந்ததுதான். பிரவுசர் பொய் சொல்லவில்லை. அதற்குச் சொல்லப்பட்டதைச் சொன்னது.

இந்த வழியைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர்களை சிஸ்கோவின் டாலோஸ் ஆய்வுக்குழு 2019 ஏப்ரலில் வெளிப்படுத்தியது. அவர்களுக்கு அது இட்ட பெயர் ‘கடல் ஆமை’. 13 நாடுகளில் குறைந்தது 40 அமைப்புகள். பெரும்பாலும் மத்தியக் கிழக்கிலும் வட ஆப்பிரிக்காவிலும் உள்ள வெளியுறவு அமைச்சகங்கள், உளவுத் துறைகள், எரிசக்தி நிறுவனங்கள். பின்னால் ஓர் அரசு இருக்கிறது என்பது டாலோஸின் முடிவு. குறிவைத்த அமைச்சகத்தைத் தாக்காமல், அதன் பெயரைப் பதிந்து வைத்திருக்கும் நிறுவனத்தைத் தாக்கினார்கள். கொஞ்ச நேரம் மின்னஞ்சல் சர்வரின் பெயரைத் தங்கள் பக்கம் திருப்பி, வந்த பாஸ்வேர்டுகளைக் குறித்துக்கொண்டு, மறுபடி பழைய இடத்துக்கே மாற்றிவிட்டுப் போனார்கள். தடயம் குறைவு. ரூட் சர்வர்களில் ஒன்றை நடத்தும் சுவீடனின் நெட்நாட் அமைப்பே அந்தக் காலத்தில் இப்படிப் பதம் பார்க்கப்பட்டது.

அமெரிக்காவின் பிசிஎச் அமைப்பும் அப்போது தாக்குதலுக்கு உள்ளானது. டிஎன்எஸ் உள்கட்டமைப்பையே தொழிலாகக் கொண்டவர்கள். டிஎன்எஸ்செக் வைத்திருந்தார்கள், அது தாக்குதலை ஏறக்குறைய முழுதும் தடுத்தது. இரண்டே பேரின் மின்னஞ்சல் விவரம் மட்டும் போனது. அந்த இருவரும் அப்போது வெளியூர்ப் பயணத்தில் இருந்தார்கள். கைப்பேசி ஹோட்டல் வைஃபையில் இருந்தது. அந்த வைஃபை தன்னுடைய ரிசால்வரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அந்த ரிசால்வர் கையொப்பத்தைச் சரிபார்க்கவில்லை. உலகில் இதை நன்றாக அறிந்த சிலரில் இருவருக்கே இந்தக் கதி.

2019 ஜனவரி 22 அன்று அமெரிக்க அரசு தன் துறைகளுக்கு ஓர் அவசர ஆணை பிறப்பித்தது: பத்து வேலை நாட்களுக்குள் டிஎன்எஸ் பதிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், அந்தக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், இரட்டைச் சரிபார்ப்பை நிறுவுங்கள், உங்கள் பெயரில் புதிதாக வரும் சான்றிதழ்களைக் கண்காணியுங்கள். இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் கிடையாது.

நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது இலங்கையில். 2021 பிப்ரவரி 6 காலை, கூகுள் டாட் எல்கே உள்ளிட்ட சில டாட் எல்கே பெயர்களைத் தட்டியவர்கள் வேறொரு பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நிலை உட்பட அந்நாட்டின் சில பிரச்சினைகளைப் பற்றி அந்தப் பக்கம் பேசியது. அன்றே சரிசெய்துவிட்டார்கள். வந்தவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருந்தது, அதனால் உடனே வெளியே தெரிந்தது. பாஸ்வேர்டு திருட வந்தவர்களாக இருந்திருந்தால் கூகுளின் பக்கத்தைப் போலவே ஒன்றை அல்லவா காட்டியிருப்பார்கள்?

வீட்டுக்குள்ளும் ஒரு வழிகாட்டி உட்கார்ந்திருக்கிறது. வைஃபை ரௌட்டர். எந்த ரிசால்வரிடம் கேட்க வேண்டும் என்பதை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் சொல்வது அதுதான். எஸ்டோனியாவைச் சேர்ந்த ஒரு கும்பல் டிஎன்எஸ்சேஞ்சர் என்ற நச்சு நிரலை வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 லட்சம் கணினிகளைத் தன் ரிசால்வர்கள் பக்கம் திருப்பியது. விளம்பரங்களை மாற்றிக் காட்டியே 1.4 கோடி டாலர் சம்பாதித்தது. 2011 நவம்பரில் பிடிபட்டார்கள். அந்தச் சர்வர்களை உடனே நிறுத்தினால் பாதிக்கப்பட்டவர்கள் அத்தனை பேரின் இணையமும் நின்றுவிடும் என்பதால், எஃப்பிஐ நல்ல சர்வர்களை அதே இடத்தில் வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டியது. அப்போதும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் தங்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியாமல் அங்கே கேட்டுக்கொண்டிருந்தன.

ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கு “அட்மின், அட்மின்” என்ற பாஸ்வேர்டு இன்னும் இருந்தால், அதை இன்றைக்கே மாற்றுவது நல்லது. டிஎன்எஸ் என்ற இடத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் ஒருமுறை பாருங்கள். நம் நிறுவனத்தின் ரிசால்வர்மேல் நம்பிக்கை இல்லையென்றால் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொது ரிசால்வர்கள் இருக்கின்றன: கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, குவாட்9 அமைப்பின் 9.9.9.9. கேள்வியைக் குறியாக்கம் செய்து அனுப்பும் வசதியும் இவற்றில் உண்டு; ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற அமைப்பு அதற்குத்தான். வழியில் ஒட்டுக் கேட்பவரை அது தடுக்கும். ஆனால் நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்ற பட்டியல் உள்ளூர் நிறுவனத்திடமிருந்து அந்த நிறுவனத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. எதை நம்புவது என்பது அவரவர் தேர்வு.

இந்திய ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் 2025 அக்டோபர் 31க்குள் டாட் பேங்க் டாட் இன் என்ற முடிவுக்கு மாறச் சொன்னது. நல்ல காரியம். ஓரெழுத்து மாற்றிப் போலித் தளம் தொடங்குகிறவர்களுக்கு அந்த வாசல் அடைபட்டது. அந்த முடிவில் வங்கியைத் தவிர வேறு யாரும் பதிய முடியாது. ஆனால் அது போலிப் பெயர் என்ற நோய்க்கு மருந்து. பிரேசிலில் போனது அசல் பெயர்.

பெரிய வங்கிகளாவது இதற்கென்று ஆள் வைத்திருக்கும். பெயரின் நேம் சர்வரை மாற்ற வேண்டுமானால் பதிவகம் தொலைபேசியில் அழைத்து மனிதரிடம் உறுதிசெய்துகொள்ளும் ‘ரெஜிஸ்ட்ரி லாக்’ என்ற ஏற்பாட்டுக்குப் பணம் கட்டியும் இருக்கலாம். எனக்குக் கவலை மற்றவர்களைப் பற்றி: கூட்டுறவுச் சங்கம், தனியார் பள்ளி, நூறு படுக்கை மருத்துவமனை, ஆன்லைனில் சேலை விற்கும் கடை. இவர்களிடம் போய், உங்கள் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது, ஓடிபி யாருடைய கைப்பேசிக்குப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் யோசிப்பார்கள். பிறகு பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “வெப்சைட் செஞ்சு கொடுத்த பையன்கிட்ட இருக்கும் சார். அவர் இப்போ பெங்களூர்ல இருக்கார்னு நினைக்கிறேன்.”